கூலியும் தேட்டமும்

சில வாரங்களுக்கு முன்பு உயர்தர வகுப்பில் கட்டுரைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "சிறுதுளி பெருவெள்ளம்" என்பது தலைப்பு. எறும்பின் சேகரிப்பு, தேனீயின் உழைப்பு, சிக்கனத்தின் சிறப்பு என்று மாணவர்கள் வழக்கம்போல எழுதிக் கொடுத்தனர். ஒருவன் மாத்திரம் வெறுந்தாளை வைத்துக்கொண்டிருந்தான். காரணம் கேட்டேன். எழுந்து நின்று, "சேர், துளி விழுந்தவுடனே காய்ந்த மண் அதைக் குடித்துவிட்டால் வெள்ளம் எங்கிருந்து வரும்?" என்றான். வகுப்புச் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. அவனுடைய தகப்பனார் நாட்கூலிக்கு மூட்டை சுமப்பவர் என்பதை நான் அறிவேன்.

அன்று நான் அவனுக்குச் சொன்ன விடை எனக்கே திருப்தி தரவில்லை. "முயற்சி திருவினையாக்கும்" என்ற போக்கில் ஏதோ கூறி அமரச் செய்துவிட்டேன். பின்னர் எண்ணிப் பார்க்கையில், அவன் கேட்டது எளிய வினா அன்று என்பது புலனாயிற்று. வறியவன் சேமிக்க முடியுமா? முடியுமாயின், அவனுக்கு எது துணை செய்ய வேண்டும்? இதே வினாவை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு பேராசிரியர் எழுப்பினார். அதற்கு விடையாக ஒரு சேமிப்பு முறையையும் வகுத்தார். அம்முறை ஓரளவு வெற்றி கண்டது. ஓரளவு ஏமாற்றமும் தந்தது. அவ்விரண்டையும் வாசகர்களுடன் இவ்வாரம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஒல்லாந்தர் காலத்தில் 1707 ஆம் ஆண்டில் சட்டமாக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாணத்துக் குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று மூவகையாகப் பிரிக்கின்றது. முன்னோர் வழி வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது சீதனம். கணவனும் மனைவியும் தம் இல்வாழ்க்கையில் உழைத்து ஈட்டியது தேட்டம். இவற்றுள் எதிலும் அன்றாடக் கூலி என்ற ஒன்று இல்லை என்பதை நோக்குக. கூலி வரும், போகும். வீட்டில் நிலைத்து நின்று நாளைய பொழுதுக்குத் தாங்கலாக இருப்பது தேட்டம். முதுசமும் சீதனமும் இல்லாத குடும்பத்துக்குத் தேட்டம் ஒன்றே கதி. அதையும் ஈட்ட வழியில்லையெனில், அக்குடும்பம் எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

இந்த வேறுபாட்டைத்தான் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் ஷெராடன் தம் நாட்டினருக்கு எடுத்துரைத்தார். 1991 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட "சொத்துக்களும் வறியோரும்" என்ற பொருளமைந்த நூலின் சாரம் இதுவே: அரசாங்கம் ஏழைகளின் வருமானத்தைப் பற்றியே பேசுகின்றது, தேட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. உதவிப்பணம் பசியைத் தணிக்கும். ஆயினும் கையிருப்பு உள்ளவனே வருங்காலத்தை நினைக்கிறான்; பிள்ளையின் படிப்பைத் திட்டமிடுகிறான்; ஒரு நோயோ வேலையிழப்போ வந்தால் நிலைகுலையாதிருக்கிறான்.

இதனினும் கொடிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத்து அமெரிக்கச் சட்டம் ஏழைகள் சேமிப்பதை ஊக்குவிக்கவில்லை என்பது மாத்திரமன்று; அதனைத் தண்டித்தது. சிறு பிள்ளைகளையுடைய வறிய குடும்பங்களுக்கான உதவித் திட்டத்தில், 1981 ஆம் ஆண்டு முதல், குடியிருக்கும் வீட்டையும் குறைந்த பெறுமதியுடைய ஒரு மோட்டார் வண்டியையும் தவிர்த்து, 1,000 டொலருக்கு மேல் கையிருப்புள்ள குடும்பம் உதவி பெறத் தகுதியற்றது என விதிக்கப்பட்டிருந்தது. மில்வாக்கி நகரில் உதவிப்பணத்தில் வாழ்ந்த தாய் ஒருத்தி, பழைய உடைகளை வாங்கியும் வயிற்றைச் சுருக்கியும் தன் மகளின் எதிர்காலக் கல்விக்காகச் சுமார் 3,000 டொலரைச் சேர்த்தாள். அது வெளிப்பட்டபோது அவள்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1990 ஆம் ஆண்டளவில் அமெரிக்கா முழுவதும் பேசப்பட்ட வழக்கு அது. திருடியதற்காக அன்று, ஊதாரியாகச் செலவிட்டதற்காகவும் அன்று. சேமித்ததற்காக ஒரு தாய் நீதிமன்றத்தில் நின்றாள்! சிக்கனம் சிறந்த பண்பு என்று நாம் வகுப்பறையில் போதிக்கின்றோம். அப்பண்பே குற்றமாகும் இடமும் உலகில் இருந்ததென்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பணம் படைத்தோரின் நிலையோ வேறு. அமெரிக்காவில் கடன்பட்டு வீடு வாங்கியவன் அக்கடனுக்குச் செலுத்தும் வட்டியைத் தன் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்கும் பணத்துக்கும் வரிச்சலுகை உண்டு. வீடு பெரிதாயின் சலுகையும் பெரிது. வீடே இல்லாதவனுக்குச் சலுகையும் இல்லை. ஆகவே, உள்ளவன் தேட்டத்தைப் பெருக்க அரசாங்கம் ஏற்கனவே கைகொடுத்து வருகின்றது என்று ஷெராடன் சுட்டிக்காட்டினார். அவ்வாறு கைகொடுப்பது அந்நாட்டுக்குப் புதிதுமன்று. ஆபிரகாம் லிங்கன் காலத்தில் 1862 இல் இயற்றப்பட்ட குடிநிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் அரச காணியைச் சொந்தமாக வழங்கியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர்களுக்கு 1944 ஆம் ஆண்டுச் சட்டம் கல்விச் செலவையும் வீட்டுக்கடன் உத்தரவாதத்தையும் அளித்தது. அத்தகைய கையுதவி மிகவும் தேவைப்பட்ட ஏழைக்கு மாத்திரம் ஏன் அது மறுக்கப்பட வேண்டும்?

இவ்வினாவிலிருந்து பிறந்ததே இணைத்தொகைச் சேமிப்புக் கணக்கு. அதன் அமைப்பு எளிமையானது. ஓர் ஏழைத் தாயை எடுத்துக்கொள்வோம். அவள் ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலமாக வங்கியில் கணக்கைத் திறந்து, மாதந்தோறும் 25 டொலர் இடுகிறாள். மூன்று ஆண்டுகளில் அவள் இட்டது 900 டொலர். ஒரு டொலருக்கு இரண்டு டொலர் என்ற விகிதத்தில் இணைத்தொகை சேர்ந்தால் அது 1,800. மொத்தம் 2,700 டொலர். ஒரு சிறு வீட்டின் முற்பணத்துக்கோ, கல்லூரிக் கட்டணத்துக்கோ, தையல் இயந்திரங்கள் வாங்கித் தொழில் தொடங்கவோ அது உதவும்.

இங்கே மூன்று நுட்பங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, இணைத்தொகை சேமிப்பவளின் கையில் கொடுக்கப்படுவதில்லை. அது தனிக் கணக்கில் இருந்து, வீட்டை விற்பவருக்கோ கல்லூரிக்கோ பொருள் விற்கும் வணிகருக்கோ நேரே செலுத்தப்படும். இரண்டாவது, அவள் இட்ட பணம் எப்பொழுதும் அவளுடையதே. அவசரம் நேர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குறித்த நோக்கத்துக்கல்லாமல் எடுத்த பணத்துக்கு இணைத்தொகை கிடையாது. மூன்றாவது, சேமிப்போர் வரவு செலவுத் திட்டமிடல், கடன், வட்டி முதலியவற்றைப் பற்றிய வகுப்புகளுக்கும் செல்ல வேண்டும். கொடுப்பதோடு நில்லாமல் கற்பிக்கவும் செய்த இந்த ஏற்பாடு ஓர் ஆசிரியனாகிய என் மனத்தைக் கவர்ந்தது.

1997 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பல பகுதிகளில், 13 நிறுவனங்களின் வாயிலாக, சுமார் 2,350 வறியோரைக் கொண்டு இம்முறை பரீட்சிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, 1998 இல், அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென ஒரு சட்டத்தையும் இயற்றி நிதி ஒதுக்கியது.

அப்பரீட்சையின் முடிவுகள் யாவை? பங்குபற்றியோர் சராசரியாக மாதத்துக்கு ஏறக்குறைய 17 டொலர் சேமித்தனர். இது சிறு தொகைதான். எனினும் ஏழைகளால் சேமிக்கவே இயலாது என்று கூறிவந்தோரின் வாயை அது அடைத்தது. அதிலும் வியப்பூட்டும் உண்மை ஒன்றுண்டு. மிக வறியோர், தம்மிலும் சற்று வசதியுள்ளோரைக் காட்டிலும், தமது வருமானத்தில் பெரிய பங்கைச் சேமித்திருந்தனர். ஆகவே வருமானத்தின் அளவு மாத்திரம் சேமிப்பைத் தீர்மானிப்பதில்லை. மாதம் இவ்வளவு என்ற இலக்கு உயர்ந்திருந்த இடத்தில் சேமிப்பும் உயர்ந்தது. சம்பளத்திலிருந்து நேரே கணக்குக்குப் பணம் செல்லுமாறு ஒழுங்கு செய்தோர் எளிதில் கைவிடவில்லை. சில மணி நேர வகுப்புகளுக்குச் சென்றோர் செல்லாதோரிலும் கூடுதலாகச் சேமித்தனர். ஆண்டுக்கு ஒருமுறை வரி மீளளிப்புப் பணம் கைக்கு வரும் மாதங்களில் வைப்புகள் பெருகின. கைக்கு வரும் பணம் செலவாகிப் போகுமுன் அதற்கு ஓர் இடம் காட்டிய ஏற்பாடே இங்கு வேலை செய்தது.

ஆயினும் நாணயத்துக்கு மறுபுறமும் உண்டு. பங்குபற்றியோரில் ஏறத்தாழப் பாதிப்பேரின் நிகரச் சேமிப்பு 100 டொலரைக்கூட எட்டவில்லை. கணக்கைத் திறந்தார்கள், சிறிது இட்டார்கள், ஏதோ இடர் வந்தது, எடுத்துவிட்டார்கள். என் மாணவன் சொன்ன காய்ந்த மண் இதுவே. சேமிப்பதற்காக உணவையும் இன்றியமையாத தேவைகளையும் குறைத்துக்கொண்டதாகச் சொன்னோரும் உளர். பட்டினியில் பிறந்த சேமிப்பைப் பாராட்டிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஒக்லகோமா மாநிலத்துத் துல்சா நகரில் நடந்த பரீட்சை இன்னும் நுணுக்கமானது. அங்கே விண்ணப்பித்த சுமார் 1,100 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மாத்திரம் கணக்கு வழங்கப்பட்டது; மற்றப் பிரிவினருக்கு வழங்கப்படவில்லை. கணக்குடையோர் ஆண்டுக்கு 750 டொலர் வரை மூன்று ஆண்டுகள் இடலாம். வீடு வாங்குவதற்காயின் டொலருக்கு இரண்டு டொலரும், பிற நோக்கங்களுக்கு ஒரு டொலரும் இணைத்தொகை. முழுமையாகச் சேமித்தவர் 2,250 டொலருடன் 4,500 டொலர் இணைத்தொகை சேர்த்து 6,750 டொலரை வீட்டுக்கென எடுத்துச் செல்லலாம்.

2003 ஆம் ஆண்டில் திட்டம் முடிவுற்றபோது, தொடக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோருள் கணக்குப் பெற்ற பிரிவினர் மற்றவரிலும் கூடுதலாக வீடு வாங்கியிருந்தனர். ஆதரவாளர்கள் மகிழ்ந்தனர். ஆனால் ஆராய்ச்சியாளர் அத்துடன் விட்டுவிடாது, தொடக்கத்திலிருந்து பத்தாண்டுகள் கழித்து 2009 இல் மீண்டும் அதே குடும்பங்களைத் தேடிச் சென்றனர். அப்போது இரு பிரிவினருக்கும் இடையே வீட்டுரிமையில் வேறுபாடு மறைந்திருந்தது. கணக்குப் பெறாதோரும் பிற்பட்ட காலத்தில் வீடு வாங்கியிருந்தனர். அதாவது அக்கணக்குப் பலரை வீட்டுக்குச் சற்று முந்திக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேறு எவ்வகையிலும் சேர முடியாதவரைச் சேர்த்தது என்று உறுதியாகக் கூற இயலவில்லை. அமெரிக்கக் காங்கிரஸும் 2017 நிதியாண்டு முதல் அச்சட்டத்தின்கீழ்ப் புதிய நிதி ஒதுக்குவதை நிறுத்திவிட்டது.

இம்முடிவைக் கண்டு முழு முயற்சியையும் வீண் என்று தள்ளிவிடலாமா? அது தகாது என்பதே என் கருத்து. மூன்று ஆண்டுகளில் முடிந்துபோகும் திட்டத்திடம் ஒரு தலைமுறைக்கான மாற்றத்தை எதிர்பார்ப்பது, முற்றத்தில் மாங்கன்றை நட்டு மூன்றாம் மாதத்தில் கனி கேட்பதை ஒக்கும். ஷெராடன் முதலிலே விரும்பியதும் இதுவன்று. பிறந்த நாள் முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கிருந்து, வாழ்நாள் முழுதும் அது வளர வேண்டும். வறிய பிள்ளைக்கு அரசாங்கம் கூடுதலாக இட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். நடைமுறைக்கு வந்தது அதன் ஒரு சிறு துண்டு மாத்திரமே.

வேறு நாடுகளும் இவ்வழியில் கால் வைத்துள்ளன. பிரித்தானியாவில் 2018 இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ், குறைந்த வருமானமுள்ள தொழிலாளர் மாதத்துக்கு 50 பவுண் வரை நான்கு ஆண்டுகள் சேமிக்கலாம். சேமிப்பின் அரைவாசிக்குச் சமமான ஊக்கத்தொகை, ஆகக்கூடியது 1,200 பவுண், அரசாங்கத்தால் வழங்கப்படும். அப்பணத்தை எதற்குச் செலவிட்டாய் என்று எவரும் கேட்பதில்லை. ஏழைக்கு முதற்கண் வேண்டியது வீடன்று, அவசரத்துக்கு உதவும் சிறு கையிருப்பே என்ற உண்மையை அத்திட்டம் உணர்ந்துள்ளது எனலாம்.

மாணவர்களாகிய வாசகர்கள் அறிய வேண்டிய மற்றொரு முயற்சி உகண்டா நாட்டில் நடந்தது. எயிட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிறைந்த இராகாய் மாவட்டத்தில், உகண்டாவிற் பிறந்த அறிஞர் பிரெட் செவமலாவும் அவர் குழுவினரும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் வங்கிக் கணக்குத் திறந்தனர். பிள்ளையும் உற்றாரும் இடும் சிறு தொகைக்கு இரு மடங்கு இணைத்தொகை சேர்க்கப்பட்டது. அது மேற்படிப்புக்கோ சிறு தொழிலுக்கோ உரியது. அப்பிள்ளைகள் படிப்பிலும் மனவுறுதியிலும் முன்னேற்றம் கண்டதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கணக்கில் இருந்த தொகை பெரிதன்று. ஆயினும் தாய் தந்தையற்ற பிள்ளை ஒன்று தன் பெயர் பொறித்த வங்கிப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும்போது, "நாளைக்கு எனக்கென ஒன்று இருக்கின்றது" என்ற எண்ணம் அதன் மனத்தில் வேரூன்றுவது இயல்பே. படிப்பை இடையில் நிறுத்திய எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிற் பலரிடம் அறிவு குறைவாக இருக்கவில்லை. அந்த எண்ணமே இருக்கவில்லை.

"இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். இணைத்தொகை என்பது நமக்கு அந்நியமானதன்று. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதியை எண்ணிப் பாருங்கள். இன்று ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு இட, தொழில் கொள்வோர் 12 பங்கு இடுகின்றனர். ஒரு ரூபாவுக்கு ஒன்றரை ரூபா! கந்தோரில் பதிவுபெற்ற வேலை பார்க்கும் ஒருவர் ஓய்வு பெறும்போது கணிசமான தொகை சேர்ந்திருப்பது அவருடைய சிக்கனத்தால் மாத்திரமா? மாதந்தோறும் பணம் கைக்கு எட்டுமுன்னரே பிடித்துவைத்துப் பெருக்கிய ஒரு சட்டம் அவருக்குப் பின்னால் நிற்கின்றது. நாட்கூலிக்கு மூட்டை சுமப்பவருக்கும், தோட்டத்தில் அன்றன்று களை பிடுங்குபவளுக்கும், வீடு வீடாகச் சென்று பாத்திரம் துலக்குபவளுக்கும் அத்தகைய துணை நடைமுறையில் வாய்ப்பது அரிது. ஆயினும் "இவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது" என்று நாம் கூசாமல் சொல்லிவிடுகிறோம்.

சொல்வது நீதியன்று. சேமிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் கருதும் அப்பெண்களே அயலில் சீட்டுப் பிடித்து, ஒரு தவணையும் தவறாது கட்டி, மகளுக்குத் தோடும் வீட்டுக்குக் கூரைத் தகரமும் வாங்குகிறார்கள். அவர்களிடம் ஒழுங்கு உண்டு; நேர்மை உண்டு. அவர்கள் இடும் ஒரு ரூபாவுக்குப் பக்கத்தில் மற்றொரு ரூபாவை வைக்க எவரும் இல்லை என்பதே குறை. பெரிய திட்டங்கள் அரசாங்கத்துக்குரியவை. ஆனால் பழைய மாணவர் சங்கம் ஒன்று, கோயிற் சபை ஒன்று, வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் நினைத்தால், ஒரு வறிய பிள்ளை மாதந்தோறும் இடும் 100 ரூபாவுக்கு மற்றொரு 100 ரூபாவை அதே கணக்கில் இட்டுவர முடியும். ஆண்டுக்கொருமுறை மேடையில் நிறுத்திப் படம் பிடித்துக் கொடுக்கும் உதவியிலும் இது மேலானது என்று நான் நம்புகிறேன். பெறுகிறவன் இதில் கைநீட்டி நிற்பவனல்லன். முதலில் இட்டவன் அவனே.

பெற்றோர்களே, மாணவர்களே! சிக்கனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது என்றும் வேண்டியதே. ஆனால் வசதியுள்ளவன் வசதியற்றவனுக்குச் சிக்கனத்தை உபதேசிக்குமுன், தன் தேட்டத்தில் முதுசம் எவ்வளவு, சட்டம் தந்த துணை எவ்வளவு, தன் உழைப்பு எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் பார்த்தல் நன்று.

அந்த மாணவனை மறுபடியும் அழைத்துப் பேசினேன். "தம்பி, நீ கேட்டது சரிதான். துளி விழும் இடத்தில் ஏந்தும் பாத்திரம் ஒன்று வேண்டும். அதை வைக்க வேண்டியவர்கள் நாங்களும்தான்" என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பின்பு, "அப்படியானால் அந்தக் கட்டுரையை இப்போது எழுதலாமா, சேர்?" என்று கேட்டான். மறுநாட்காலை நான்கு பக்கங்கள் எழுதி என் மேசைமேல் வைத்திருந்தான்.